மாமி சொன்ன ஒரே பொய்

என் மாமியார் ஆயுசில் ஒரே ஒரு பொய்தான் சொன்னார். மாமியாரைப் பற்றி மருமகள் இப்படிச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று தெரியும். நம்பாவிட்டால் போங்கள். பத்து வருஷத்துக்கு மேல் அவரோடு ஒரே அடுப்பில் சமைத்தவள் நான். எனக்குத் தெரியாதது உங்களுக்கா தெரியப்போகிறது?

எங்களுடையது பீங்கான் வியாபாரம். விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகளில் சூளையிலிருந்து வரும்போது கோணிப்போன கப், கைப்பிடி சாய்ந்த ஜாடி, புள்ளி விழுந்த சாஸர், மூக்கு நசுங்கிய பொம்மை என்று கழித்துப் போடுவார்கள். செகண்ட்ஸ் என்று பெயர். அதை மொத்தமாக எடுத்து வந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எங்கள் கடையில் விற்போம். மாமனார் மவுத்தானபோது என் வீட்டுக்காரருக்கு மீசை முளைக்கவில்லையாம், நாத்தனார் கைக்குழந்தையாம். புருஷனை இழந்தவள் வெளியே வராமல் வீட்டோடு இருக்கிற இத்தா காலம் முடிந்ததும், மாமி துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நேராகக் கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். ஜமாத்தில் யார் யாரோ என்னென்னவோ பேசினார்களாம். பேசினவர்கள் வீட்டிலிருந்து ஒரு படி அரிசி வரவில்லை, அதனால் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வேப்பூர் ரோட்டில் ஓட்டல் வைத்திருப்பவர்கள் டீ கப் எடுக்க எங்களிடம்தான் வருவார்கள். மாமி கப்பைத் திருப்பிக் கீறலைத்தான் முதலில் காட்டுவார். "இதுல கீறல் இருக்குது பாருங்க. சூடா ஊத்துனா ரொம்ப நாளு தாங்காது. அப்புறம் வந்து என்னைத் திட்டாதீங்க."

"ஏம்மா, விக்கிறீங்களா, வாங்காதன்னு சொல்றீங்களா?" என்று அவர்கள் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சும்மா இருந்தால் என்ன, அவனே பார்த்து எடுக்கட்டுமே என்பேன். "அல்லாவும்தான பாத்துட்டு இருக்கான்" என்பார். ஆனால் வந்த ஆள் யாரும் வேறு கடைக்குப் போனதில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

இன்னொரு வேலையும் அவருக்கு இருந்தது. எங்கள் தெருக்களில் எந்தப் பெண் மவுத்தானாலும் மையத்தை, அதாவது இறந்த உடலை, குளிப்பாட்ட மாமியைத்தான் கூப்பிடுவார்கள். கூலி கிடையாது, நன்மைக்குச் செய்வது. சோறு பிசைந்த கையைக் கழுவிவிட்டு எழுந்து போவார். கடையில் ஆள் நின்றாலும் போவார். சண்டை போட்டு முகம் பார்க்காமல் இருந்தவள் வீடாக இருந்தாலும் போவார். திரும்பி வந்ததும், மையத்தைக் காக்க வைத்தார்களா, சீக்கிரம் எடுத்தார்களா என்பதைத்தான் சொல்லுவார். வெளியூரில் இருக்கிற மகனுக்காகக் காத்திருந்தார்கள் என்றால் அவருக்குப் பிடிக்காது. "போறவங்களுக்கு அவசரம் இருக்கும். நாம எதுக்கு வழிமறிக்கணும்" என்பார்.

இப்படிப்பட்டவர்தான் அந்தப் பொய்யைச் சொன்னார். எண்பதுகளின் கடைசி அது. நாத்தனாருக்கு சேத்தியாத்தோப்பில் நல்ல இடம் வந்திருந்தது, மாப்பிள்ளை மளிகைக்கடை வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் அப்போது சவுதியில், தம்மாமில் ஒரு பாத்திரக் கடையில் வேலை. அப்பா இல்லாத பெண்ணுக்கு நிக்காஹ்வில் அண்ணன்தான் வலியாக, அதாவது பெண்ணுக்குப் பொறுப்பாளியாக, உட்கார்ந்து கொடுக்க வேண்டும். வர முடியாவிட்டால் இன்னொருவரை நியமிக்கலாம், தப்பில்லை. மாமிக்கு அது ஆகவில்லை. தகப்பன் இல்லாத பிள்ளையை அண்ணனும் இல்லாமல் எவன் கையிலோ பிடித்துக் கொடுப்பதா என்று சாப்பிடாமல் கிடந்தார். அங்கே முதலாளி அரபி லீவு கிடையாது என்றுவிட்டான்.

வளைகுடாவில் ஆள் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் ஒரு வழி தெரியும். 'தாயார் சீரியஸ், உடனே கிளம்பவும்' என்று ஒரு தந்தி. கல்யாணத்துக்கு விடாத அரபியும் தாய் சாகக் கிடக்கிறாள் என்றால் விட்டுவிடுவான். எங்கள் தெருவிலேயே நல்லா நடமாடுகிற எத்தனையோ தாய்மார் தந்தியில் சாகக் கிடந்திருக்கிறார்கள். ஊர் உலகத்தில் நடக்காததா? ஆனால் மாமி அதைச் செய்வார் என்று நான் நினைக்கவில்லை. ஒரு நாள் லுஹர் தொழுது முடித்து எழுந்து, இரண்டு வீடு தள்ளி இருந்த, தெருவே அண்ணன் என்று கூப்பிடுகிறவரிடம் போனார். அவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவர். அவர் எழுதிக் கொடுக்க, மாமியே தபாலாபீஸுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

என் வீட்டுக்காரர் வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வழியெல்லாம் அழுதிருக்கிறார், முகம் வீங்கிப் போயிருந்தது. பெட்டிகூட இல்லை, ஒரு பை மட்டும். ஆட்டோவிலிருந்து இறங்கி உள்ளே ஓடி வருகிறார், வாசலில் மாமி முறத்தை மடியில் வைத்துப் பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரித்தார். சிரித்துச் சிரித்து, மாமியின் காலைக் கட்டிக்கொண்டு மறுபடி அழுதார். நான் செம்பில் தண்ணீரை வைத்துக்கொண்டு நின்றேன். என்னை அவர் பார்க்க வெகுநேரம் ஆனது. சரி, பெற்றவள் முதலில், நான் எங்கே போய்விடப் போகிறேன்?

கல்யாணம் நன்றாக நடந்தது. அதோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவர் திரும்பிப் போகிற அன்றைக்கு மாமி முட்டையும் ரவையும் நெய்யும் போட்டு ஒரு தாம்பாளம் தம்ரோட்டு செய்தார். கேம்பில் கூட இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு டப்பா, அரபி வீட்டுக்கு ஒரு டப்பா. லீவு கொடுத்த மனுஷனுக்கு வெறுங்கையோடு போகலாமா என்று அவரே தனியாகக் கட்டிக் கொடுத்தார். எங்களில் ஒருத்திக்காவது புத்தி வேலை செய்ததா? இல்லை. நான்தான் டப்பாவுக்குத் துணி சுற்றி நூல் கட்டினேன். அங்கே அரபி ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, யார் செய்தது என்று கேட்டிருக்கிறான். "என் அம்மா" என்று இவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

சாகக் கிடந்த அம்மா தம்ரோட்டு செய்து அனுப்பினால் எந்த அரபிதான் சும்மா இருப்பான்? வேலை போய்விட்டது. அங்கேயே இன்னொருவனிடம் கெஞ்சிக் கூத்தாடி, ரோடு போடுகிற இடத்துக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிற வேலையில் சேர்ந்தார். ஏசிக் கடையில் நின்றவர் பாலைவனத்தில் வெந்தார். அடுத்த லீவில் அவர் வந்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு கருத்திருந்தார். மாமி அவர் கையைப் பிடித்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

எங்களில் ஒரு கணக்கு உண்டு. அல்லாவுக்குச் செய்த குற்றத்தை அல்லாவிடம் அழுதால் அவன் மன்னிப்பான். மனுஷனுக்குச் செய்த குற்றத்தை அந்த மனுஷன்தான் மன்னிக்க வேண்டும், அதில் அல்லாவே குறுக்கே வர மாட்டான். மாமிக்கு அந்தக் கணக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து என் வீட்டுக்காரர் போன் செய்வார். இதற்குள் அந்த ரயில்வே அண்ணன் வாசல் அறையில் எஸ்டிடி பூத் போட்டிருந்தார். அண்ணன் சத்தம் கொடுத்ததும் மாமி ஓடுவார், நான் பின்னால் ஓடுவேன். சலாம் சொல்லி, சாப்பாடு விசாரித்து, கடைசியில் மாமி கேட்பார், "என்னை மன்னிச்சுட்டியாப்பா?"

அவர் சிரிப்பார். போனுக்கு வெளியே எனக்கும் கேட்கும். "என்னம்மா, சீரியஸா இருக்கீங்களா?" என்பார். அவ்வளவுதான். மாமியும் சிரித்துவிட்டு என்னிடம் கொடுத்துவிடுவார். வீட்டுக்கு வந்து, "சிரிக்கிறான். மன்னிச்சேன்னு வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்கிறான்" என்பார். ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்தான் என்ன என்று நானும் கடிதத்தில் எழுதினேன். அம்மாவுக்கு விளையாட்டு, உனக்குமா என்று பதில் போட்டார். ஆம்பளைகளுக்கு எது விளையாட்டு எது வினை என்று என்றைக்குத் தெரிந்திருக்கிறது?

இப்படியே வருஷங்கள் போயின. மாமிக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது ரொம்ப முற்றியிருந்தது. பாண்டிச்சேரிக்குக் கூட்டிப் போனோம். அங்கே பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மாமி என் பக்கம் திரும்பி, "அவனுக்குச் சொல்லாத" என்றார்.

"சொல்லாம எப்பிடி மாமி? நாளைக்கு என்னைத்தான கேப்பாங்க."

"ஒரு தடவ சாவப் போறேன்னு சொல்லி அவன் பொழப்பக் கெடுத்தேன். மறுபடியும் அதையே சொல்லிக் கூப்புட மாட்டேன். பக்ரீதுக்குத்தான லீவு, அப்ப வரட்டும். அதுவரைக்கும் அல்லா வெச்சிருந்தா, மூஞ்சப் பாத்து மன்னிப்பு கேட்டுக்கிறேன்." அல்லா மேல் சத்தியம் செய் என்றார். செய்தேன். அந்த பஸ்ஸில் எனக்குள் ஏதோ அடைத்துக்கொண்டது, அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. சோறாக்கினேன், கடையைப் பார்த்தேன், பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பினேன், மாமிக்கு இடம் மாற்றிப் படுக்க வைத்தேன். எதுவும் என்மேல் படவில்லை. கல்லாகிவிட்டாள் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். பேசட்டுமே.

மாமியால் எழுந்து போய் போன் பேச முடியாமல் ஆனபோது, உங்கள் மகன் அம்மா எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டேன். "தொழுதுட்டு இருக்காங்கன்னு சொல்லு" என்றார். அது பொய்யாகிவிடக் கூடாதே! அதனால் வெள்ளிக்கிழமை பூத்திலிருந்து அண்ணன் சத்தம் கொடுத்த உடனே, மாமி படுக்கையில் இருந்தபடியே கையை உயர்த்தித் தக்பீர் கட்டித் தொழ ஆரம்பித்துவிடுவார். நான் போய், "தொழுதுட்டு இருக்காங்க" என்பேன். வாரா வாரம் இதுதான் நடந்தது. அவருக்குச் சந்தேகமே வரவில்லை, மாமி எப்போதும் தொழுகிறவர்தானே.

பக்ரீதுக்கு இன்னும் நாள் இருந்தது. ஒரு புதன்கிழமை விடிந்த நேரத்தில் மூச்சு வேறு மாதிரி வாங்கியது. நான் கலிமா சொல்லிக் கொடுத்தேன், அவர் உதடு அசைந்தது. பிறகு அசையவில்லை. அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டது. போய் இறக்கி வைத்துவிட்டு வந்து, கண்ணை மூடிவிட்டு, தாடையைத் துணியால் கட்டினேன். எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களெல்லாம் முதலில் மாமியைப் பார்த்தார்கள், அப்புறம் என் கண்ணைப் பார்த்தார்கள்.

நாத்தனாருக்கு ஆள் போயிருந்தது, அவள் சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ் பிடித்து வர வேண்டும். பள்ளிவாசல் ஹஜ்ரத் வாசலில் நின்று என்னைக் கேட்டார். "சாயங்காலம் அஸர் தொழுகைக்கு எடுத்துரலாமாம்மா? புள்ள இன்னைக்கே பிளேன் ஏறி வர்றதுன்னா சொல்லுங்க, ஐஸ் வெச்சு நாளைக்கு வரைக்கும் பாத்துக்கலாம். ஒரே புள்ள. தாய் முகத்தப் பாக்கணும்னு இருக்கும்ல."

மாமியைக் கேட்டால் காக்க வைக்காதே என்பார். ஆனால் முகத்தைப் பார்க்க வேண்டியவர் என் வீட்டுக்காரர். அவரைக் கேட்காமல் நான் எப்படி எடுக்கச் சொல்வது? கேட்டுவிட்டு வருகிறேன் என்று துப்பட்டியைப் போட்டுக்கொண்டு பூத்துக்குப் போனேன்.

கேம்புப் பக்கத்து மெஸ் நம்பர் இருந்தது. லைன் கிடைத்து, யாரோ எடுத்து, அவரைக் கூப்பிட்டு, அவர் வந்து "ஹலோ" என்றார்.

"என்னங்க, அம்மா மவுத்தாயிட்டாங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "இந்தத் தடவ யாருக்குக் கல்யாணம்?"

"இல்லீங்க. காலைல சுபுஹுக்கு அப்புறம். வயித்துல கட்டி இருந்துச்சு. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. அஸருக்கு எடுக்கலாமான்னு ஹஜ்ரத் கேக்குறாங்க."

"போன வாரந்தான தொழுதுட்டு இருக்காங்கன்னு சொன்ன? உனக்குப் பொய் சொல்லவே வரலடி. செத்த வூட்டுக்காரி பேசுற கொரலா இது? கத்திரிக்கா வெல சொல்ற மாதிரி சொல்ற. அம்மா சொல்லிக் குடுக்கும்போது கொஞ்சம் அழவும் சொல்லிக் குடுத்திருக்கக் கூடாதா?"

எனக்கு எப்படி நம்ப வைப்பது என்று தெரியவில்லை. அழுதால் நம்புவார். அழுகை கடையிலா விற்கிறது, வாங்கி வர? ரிசீவரைப் பூத்து அண்ணனிடம் நீட்டினேன். அவர், "தம்பி, உண்மைதான் தம்பி" என்றார். அந்தப் பக்கம் இன்னும் பெரிய சிரிப்பு. "அண்ணே, நீங்களா? போன தடவ இங்கிலீஷ் எழுதிக் குடுத்தது நீங்கதான!" அண்ணன் ரிசீவரை என்னிடமே கொடுத்துவிட்டார்.

"அம்மாவக் கூட்டிட்டு வந்து நிறுத்து" என்றார் அவர். "அரை மணி நேரத்துல நானே பண்றேன். அவங்க வாயால சொல்லட்டும். தந்தில வேணா பொய் சொல்லுவாங்க, என் காதுல சொல்ல மாட்டாங்க." வைத்துவிட்டார்.

நான் வீட்டுக்கு வந்தேன். எதற்கு வந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கூட்டி வரச் சொன்னார், வந்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கட்டில் பக்கம் போய், "மாமி, போன் வந்திருக்கு, கூப்புடுறாங்க" என்றேன். பக்கத்தில் இருந்த பெண்கள் வாயில் துப்பட்டியை வைத்துக்கொண்டு அழுதார்கள். யாரோ என்னை உட்கார வைக்கப் பார்த்தார்கள். கையை விலக்கிவிட்டு மறுபடி பூத்துக்குப் போனேன்.

மணி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும், சொல்லத்தான் போனேன். வாய் திறக்கவில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும்மா" என்றார் அவர். என்னோடு பேசுகிற குரல் இல்லை அது. "அம்மா? என்னம்மா, சலாத்துக்குக்கூட பதில் சொல்ல மாட்டீங்களா? அவ்வளவு கோவமா?"

நான் மூச்சு விட்டேன். அது அவருக்குக் கேட்டிருக்கும்.

"எனக்குத் தெரியும்மா. அந்தத் தந்தியத்தான இன்னும் நெனச்சுட்டு இருக்கீங்க. ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் கேக்குறீங்க, நான் சிரிச்சுட்டுப் போயிடுறேன். பெத்த தாய நான் மன்னிக்கிறதான்னு வாய் கூசுதும்மா, அதான் சிரிக்கிறேன். அன்னைக்கு வாசல்ல நீங்க உசுரோட உக்காந்து பூண்டு உரிச்சிட்டு இருந்தீங்க பாருங்க, அதுக்கு இந்த வேலையென்ன, எது போனாலும் பரவால்ல. வழியெல்லாம் ஒங்கள அடக்கம் பண்ணிட்டு வந்தவன்மா நான். மன்னிச்சுட்டேன். அன்னைக்கே மன்னிச்சுட்டேன். அல்லா சாட்சி. போதுமா? இப்பவாவது பேசுங்க."

பூத்து அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னங்க" என்றேன். "ஹஜ்ரத் நிக்கிறாங்க. அஸருக்கு எடுத்துரலாமா?"

அந்தப் பக்கம் மெஸ்ஸில் தட்டு வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ரொம்ப நேரம் கழித்து, சின்னப் பிள்ளை கேட்பதுபோல் கேட்டார். "நான் சொன்னது அம்மாவுக்குக் கேட்டுச்சா?"

"இல்லீங்க. நான் மட்டுந்தான் இருந்தேன்."

அவர் கத்தியது ரிசீவரைத் தாண்டித் தெருவுக்கே கேட்டிருக்கும். யாரோ அவரைப் பிடித்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன், வேறு குரல்களும் கேட்டன. நான் ரிசீவரை வைக்காமல் நின்றேன். கடைசியில் அவரே வந்து, "எடுத்துருங்க. நான் வந்து மண்ணப் பாத்துக்கிறேன்" என்றார்.

போய் ஹஜ்ரத்திடம் சொன்னேன். உள்ளே வெந்நீர் தயாராக இருந்தது. முந்தானையைச் செருகிக்கொண்டு மாமியைக் குளிப்பாட்டப் போனேன்.